எட்டு இருட்டான நாள்

எட்டு என்ற நம்பரை யாரும் கேட்கவில்லை. அதனால் மாமா அதை எடுத்துக்கொண்டார்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். கேபிள் டிவி வைத்திருந்தார். நான் அவரிடம் லைன்மேன். படிப்பை ஏழாவதோடு விட்டேன். கொஞ்ச காலம் நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனேன். தூசி ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஏணியும் கட்டிங் பிளேயரும்தான்.

எங்கள் ஊர் மைன்ஸ் டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே இருக்கிறது. கேட்டுக்கு உள்ளே சில பிளாக்குகளும் வெளியே எங்கள் தெருக்களும் மாமாவின் லைனில் இருந்தன. அப்போது செட்டாப் பாக்ஸ் கிடையாது. நம்பர் தானாக வராது. நான்தான் வீடு வீடாகப் போய் டிவியில் ட்யூன் செய்து நிறுத்துவேன். ஒன்றில் அரசாங்க சேனல். இரண்டிலும் மூன்றிலும் சீரியல். நாலில் பாட்டு. இப்படி ஆளுக்கு ஆள் கேட்டு ஏழு வரை நிரம்பிவிட்டது. எட்டில் வைக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. எட்டு சனியின் நம்பர் என்பார்கள். வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று பாதி விலைக்குத் தள்ளிவிட்ட ஆளை எனக்குத் தெரியும்.

வடலூர்ப் பக்கம் கேபிள் வைத்திருந்தவர் தன் லோக்கல் சேனலுக்கு ஐந்தை எடுத்தார். சேத்தியாத்தோப்புக்காரர் ஜோசியரைக் கேட்டு மூன்றை எடுத்தார். மூன்றில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சண்டைக்குப் போனார்கள் என்று கேள்வி. மாமா யாரையும் கேட்கவில்லை. எங்கள் லோக்கல் சேனலுக்கு எட்டை எடுத்தார்.

“எட்டா? வேற நம்பரே கெடைக்கலியா உனக்கு?” என்றாள் அக்கா.

“எவனும் கேக்காத நம்பரு. கேக்காத நம்பர எவனும் புடுங்க மாட்டான்.”

“புடுங்க மாட்டான். அதுவா புடிச்சுக்கும்.”

மாமா சிரித்தார். பெயிண்டரை வைத்து வட்டத்துக்குள் சிவப்பாக ஒரு எட்டு எழுதினார். ஆபீஸ் ஷட்டரில், என் பைக் டேங்கில், ரசீதில், எல்லாவற்றிலும் அதுதான். சேனலுக்கு ஒரு பெயரும் இருந்தது. யாரும் சொன்னதில்லை. எட்டு என்றால் போதும். ஒரு பொங்கலுக்கு எல்லா வீட்டுக்கும் சுவர்க் கடிகாரம் கொடுத்தார். மற்ற எண்கள் கறுப்பு, எட்டு மட்டும் சிவப்பு.

முதலில் நல்ல விசேஷங்கள்தான் ஓடின. திருவிழா, காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா, பிறந்தநாள் வாழ்த்து. மத்தியானம் ஒரு படம். சாவு பிறகு வந்தது.

டவுன்ஷிப்புக்குள் சுவரில் போஸ்டர் ஒட்ட முடியாது. ஒரே வரிசை குவார்ட்டர்ஸில் ஒருவர் திருநெல்வேலி, அடுத்தவர் தர்மபுரி, அதற்கடுத்தவர் எங்கள் பக்கம். சொந்தமென்று ஓடிப்போய்ச் சொல்ல ஆள் கிடையாது. பாதிப் பேர் ஷிப்டில் இருப்பார்கள். மீதிப் பேர் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குவார்கள். மேளம் அடித்தால் திட்டு விழும். அப்படி ஒரு வீட்டில் பெரியவர் இறந்துபோக, மகன் போட்டோவோடு ஆபீஸுக்கு வந்தான். எடுக்கும் நேரத்தை எட்டில் போட முடியுமா என்று கேட்டான். மாமா காசு வாங்காமல் போட்டார். அன்று அந்த வீட்டில் கூட்டம் தாங்கவில்லை.

அடுத்தடுத்து வந்தார்கள். காலை ஷிப்டுக்கு ஆட்கள் கிளம்பும் முன்னால் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை என்று ஆனது. போட்டோ, பெயர், பிளாக், எடுக்கும் நேரம். பின்னால் ஒரு விளக்கு எரியும். வேறு எதுவும் வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். பாட்டும் கிடையாது. சத்தமே இல்லாமல் அந்த மூஞ்சி நிற்கும்.

கொஞ்ச நாளில் எட்டு என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. காலையில் டீக்கடையில் ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்தால், “எட்டப் பாத்தியா?” என்பார். யார் போனது என்று அர்த்தம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனை, “எட்டுல வர்றதுக்கு அலையிறியா?” என்று பெண்டாட்டி கேட்பாள். பிள்ளைகள் ரிமோட்டில் அந்தப் பொத்தானைத் தொடாமல் ஏழிலிருந்து நேராக மேலே தாவுவார்கள். கொடுத்த கடிகாரங்களைச் சிலர் கழற்றிவிட்டார்கள்.

“எட்டு மணி ஆனா அண்ணாந்து பாக்கவே முடியலப்பா. எடுத்துக்கினு போ” என்று ஒரு வீட்டில் என்னிடமே கொடுத்தார்கள்.

ஒரு பிளாக்கில் ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிவியில் எட்டை எடுத்துவிடச் சொன்னாள்.

“எடுத்தா அந்த எடம் வெறுமனே கெடக்கும்மா.”

“அப்ப எங்கியாவது தூரமா கொண்டுபோய் வெய்யி. கைக்கு எட்டாத மாரி வெய்யி.”

அறுபதுக்கு மேலே ஒரு இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். காபி கொடுத்தாள். கொஞ்ச நாளில் அவளே ஆபீஸ் படியேறி வந்தாள். கையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மாமாவிடம் கொடுத்துவிட்டு, “நல்ல சட்டையில வேற போட்டோ இல்லீங்க” என்றாள்.

எங்கள் வீட்டுச் சாவுக்கு மட்டும் வேறு பழக்கம். அதையும் மாமாதான் கொண்டுவந்தார். அவருடைய அம்மா இறந்த அன்று போட்டோவை எடுத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். வேண்டாம் என்றார்.

“நம்ம வூட்டு சாவ நாமளே போட்டுக்கினா விளம்பரம் மாரி இருக்கும்டா. நிறுத்திடு. இருட்டா வுடு.”

நிறுத்தினேன். அன்று பூரா எட்டில் ஒன்றும் இல்லை. வெறும் கறுப்பு. காலையில் போட்டுப் பார்த்தவர்கள் விசாரித்தார்கள். விஷயம் பரவி, சாயங்காலத்துக்குள் தெரு கொள்ளவில்லை. அதன்பிறகு எங்களோடு வேலை பார்த்த லைன்மேன் ஒருவர் மழையில் கம்பத்திலிருந்து விழுந்து போனார். அன்றும் நிறுத்தினோம். அன்றும் கூட்டம். எட்டு இருட்டாக இருந்தால் கேபிள்காரர் வீட்டில் சாவு என்று ஊருக்குப் பழகிவிட்டது. யாரும் எழுதிப் போடவில்லை. அப்படியே பழகிவிட்டது.

மாமாவுக்குச் சர்க்கரை இருந்தது. அது கிட்னியில் வந்து நின்றது. கடலூருக்கு டயாலிஸிஸ் போக ஆரம்பித்தோம். நான்தான் கூட்டிப்போவேன். கை ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போயிருக்கும். பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொள்வார். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது.

ஒரு நாள் திரும்பி வரும்போது சொன்னார்.

“நான் போனா எட்டு இருட்டா இருக்கணும். போட்டோ கீட்டோ வேணாம். அது போதும்.”

“சும்மா இரு மாமா.”

“இருட்டா இருந்தா வந்துருவானுங்க. ஊர்ல எத்தினி பேர நான் அனுப்பி வெச்சிருக்கேன். எனக்கு வர மாட்டானுங்களா?”

வருவார்கள் என்றேன். அவர் கேட்டது அது ஒன்றுதான். வீடு, லைன், கடன், அக்கா, எதைப் பற்றியும் பேசவில்லை.

அதற்கு முன்னாலேயே வீடுகளுக்கு செட்டாப் பாக்ஸ் வந்திருந்தது. சிக்னல் பெரிய நெட்வொர்க்கிலிருந்து வந்தது. நம்பர் இனி லைன்மேன் கையில் இல்லை. அங்கே உட்கார்ந்து அவர்கள் வைப்பதுதான் எல்லா வீட்டிலும். ஆனாலும் எட்டை எங்களுக்கு விட்டுவைத்திருந்தார்கள். மாமா சொன்னது சரிதான் என்று நினைத்தேன். கேட்பாரில்லாத நம்பர்.

மாமாவின் உடம்பு மோசமான வருஷம் நெட்வொர்க்கிலிருந்து போன் வந்தது. லோக்கல் சேனல் எல்லாவற்றையும் ஐநூறுக்கு மேலே தள்ளுகிறார்கள் என்றார்கள். எங்களுக்கு ஐநூற்றுப் பதினாலு.

“அது நம்பரா?” என்றார் மாமா. “வடலூர் டவுன் பஸ்ஸுக்குக் கூட அவ்ளோ நீள நம்பர் கெடையாது.”

டயாலிஸிஸ் முடிந்த கையோடு என்னை இழுத்துக்கொண்டு அவர்கள் ஆபீசுக்குப் போனார். கடலூரிலேயே இருந்தது. ஏசி ரூம். மாமாவுக்குக் குளிரில் உடம்பு நடுங்கியது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“ஒத்த இலக்க நம்பர் எல்லாம் பெரிய சேனலுக்குங்க. பணம் கட்டி எடுக்கறாங்க.”

“எட்டுங்க. எட்ட யாருங்க எடுப்பாங்க?”

“எடுத்துட்டாங்க. சாமான் விக்கிற சேனல். குக்கரு, புடவ எல்லாம் டிவியிலயே காட்டி விப்பாங்களே, அது.”

“எட்டு ஆவாத நம்பரு. சொன்னீங்களா அவங்ககிட்ட?”

அவர் சிரித்துவிட்டார். “வடக்க இருந்து வர்றவங்க. அவங்களுக்குத் தெரியாதுபோல.”

மாமா சிரிக்கவில்லை. வீங்கின கையை மேஜை மேல் வைத்தார்.

“எப்பங்க மாத்துவீங்க?”

“மாசப் பொறப்புல.”

“கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?”

“எவ்ளோ நாளுக்குங்க?”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“அது எனக்குத் தெரியலீங்க” என்றார்.

அந்த ஆளுக்கு விளங்கவில்லை. தேதி சொன்னால்தானே மேலே பேச முடியும் என்றார். எனக்கு விளங்கியது. எழுந்து மாமாவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தேன்.

பஸ் ஏறினோம். குறிஞ்சிப்பாடி தாண்டினதும் கேட்டார்.

“மாப்ள, டாக்டர் உன்ன மட்டும் உள்ள கூப்ட்டாரே. என்னா சொன்னாரு?”

“மாத்திர ஒழுங்கா சாப்படச் சொன்னாரு.”

“அதுக்கு முன்ன?”

“அதுக்கு முன்ன ஒண்ணும் சொல்லல.”

சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். தூரத்தில் சிம்னி தெரிந்தது. புகை அசையாமல் நின்றது.

நம்பர் மாறப் போகிறது என்று திரையின் அடியில் ஓடவிட வேண்டும். எல்லா லோக்கல் சேனலும் அப்படித்தான் செய்தது. நான் எழுதி வைத்தேன். நமது சேனல் இனி ஐநூற்றுப் பதினாலில். மாமா அதைப் பார்த்துவிட்டு எடுக்கச் சொன்னார்.

“ஓட வேணாம்.”

“சொல்லாம வுட்டா ஜனம் எப்பிடித் தேடும் மாமா?”

“இருக்கற வரைக்கும் எட்டு எட்டாவே இருக்கட்டும்.”

“மாசம் பொறந்தா போயிடும்.”

“பொறக்கட்டும்.”

அக்காவிடம் சொன்னேன். அக்கா, “அவுரு சொன்னா வுடு தம்பி. இப்ப எதிர்த்துப் பேசற நேரமா?” என்றாள். விட்டேன். அவர் சேனல், அவர் நம்பர்.

அந்த மாசக் கடைசியில் மாமா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். மாத்திரையைச் சரியாகப் போடுகிறாரா என்று அக்காவுக்குச் சந்தேகம். தலையணைக்கு அடியில் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“இவுரு எதுக்கோ காத்துக்கினு இருக்கற மாரி இருக்குடா.”

“என்னத்துக்கு?”

அவள் சுவரில் காலண்டரைப் பார்த்தாள். எட்டு கையைவிட்டுப் போவதற்குள் போய்விடப் பார்க்கிறார் என்று எனக்கும் தெரியும். காலையில் நான் சேனலைப் போடப் போகும்போது மாமா முழித்துத்தான் இருப்பார். “இன்னைக்கு யாரு?” என்பார். பெயரைச் சொன்னால் தலையை ஆட்டுவார். யாரும் இல்லை என்றால் முகம் சுண்டிப்போகும். மற்ற எல்லாரும் எட்டில் போய்விட்டார்கள், தான்தான் பாக்கி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் மைன்ஸ் பக்கமிருந்து வெடிச் சத்தம் வந்தால் அக்கா ஓடிப்போய் அவர் மூச்சைப் பார்ப்பாள். சத்தத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஓடுவாள்.

மாசம் பிறந்தது. மாமா இருந்தார்.

காலையில் பாக்ஸைப் போட்டேன். எட்டு கறுப்பாக இருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி. எங்களை எடுத்துவிட்டார்கள். சாமான் விற்கிற சேனலை இன்னும் ஏற்றவில்லை. நாளைக்குத்தான் ஏறும் என்று நெட்வொர்க்கில் போன் போட்டுக் கேட்டபோது சொன்னார்கள். ஐநூற்றுப் பதினாலில் எங்கள் சேனல் வந்தது. அங்கே போய் யார் பார்ப்பார்கள்.

வீட்டுக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“என்னா தெரியுது?”

“ஒண்ணும் தெரியல. இருட்டா இருக்கு.”

டம்ளரைக் கீழே வைத்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அதற்குள் தெரு முனையில் அழுகைச் சத்தம் கேட்டது.

எங்கள் சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர். தோளில் கை போட்டுக்கொண்டு, தலையை விரித்துக்கொண்டு, பாடி அழுதபடி வந்தார்கள். முன்னால் வந்தவள் மாமாவுக்கு அத்தை முறை. மார்பில் அடித்துக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தாள். நாற்காலியில் மாமா.

நின்றுவிட்டாள். ஆனால் அழுகையை நிறுத்த முடியவில்லை. வாய் பாட்டுக்குப் பாடியது. கண் அவரைப் பார்த்தது. பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர்களும் பாடிக்கொண்டே வந்து இடித்துக்கொண்டு நின்றார்கள்.

“அத்த, நான் இருக்கேன்” என்றார் மாமா.

“அட பாவி, இருக்கியா? எட்டு இருட்டா கெடக்குதேடா!”

“நம்பர மாத்திட்டாங்க அத்த.”

“நம்பர மாத்துனா சொல்ல மாட்டியா? பாதி ராகத்துல நிறுத்தறேனே, நெஞ்ச அடைக்குதே எனக்கு.”

ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி நிஜமாகவே அழுதாள். அக்கா உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். சொம்புத் தண்ணீரை எடுத்து வாசற்படியில் ஊற்றினாள்.

அதோடு நிற்கவில்லை. டீக்கடைக்காரர் ரோஜா மாலையோடு வந்தார். டவுன்ஷிப்பிலிருந்து ரிடையர் ஆன ஃபோர்மேன் ஒருவர் மனைவியோடு காரில் வந்தார். இரண்டு கையிலும் பெரிய மாலையைத் தாங்கிக்கொண்டு இறங்கினார். மாமாவைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அத்தனை பெரிய மாலையை எங்கே மறைப்பது. காலை ஷிப்டைத் தவறவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். அவசரத்தில் யூனிஃபார்மோடு சிலர் நின்றார்கள். மேளக்காரர்கள் தெரு முனை வரை வந்துவிட்டு, விஷயம் கேட்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள்.

ஒவ்வொருவரும் வந்து பார்த்துவிட்டு ஒன்றே சொன்னார்கள். “ஆயுசு கெட்டிங்க உங்களுக்கு.” மாமா ஒவ்வொருவரையும் உட்காரச் சொன்னார். டீ வாங்கிவரச் சொன்னார். நான் வாங்கிவந்தபடி இருந்தேன். டீக்கடைக்காரரே எழுந்துபோய்க் கடையைத் திறக்க வேண்டியதாயிற்று.

“மேளக்காரங்க இன்னா பண்ணணுங்க?” என்று அவர்களில் ஒருவர் வந்து கேட்டார். “நெருப்புல மேளத் தோல காய வெச்சிட்டம்.”

“அடிச்சுட்டுப் போங்க” என்றார் மாமா.

“வேணாங்க. உசுரோட இருக்கற ஆளுக்கு அடிக்கக் கூடாது.”

“அப்ப டீ குடிச்சிட்டுப் போங்க.”

மத்தியானத்துக்குக் கூட்டம் கலைந்தது. மாலைகள் மிஞ்சின. சாவுக்கு வாங்கின மாலையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். இருக்கிற ஆளுக்குப் போடவும் முடியாது. அவரவர் மெதுவாக மதில் மேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். மதில் பூராவும் மாலை. கேட்டின் கம்பியிலும் மாட்டியிருந்தார்கள். சம்பங்கி வாசனை தெருவையே நிறைத்தது. ரோட்டில் விஷயம் தெரியாமல் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து போனார்கள்.

மாமா அந்த மாலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியும் உள்ளே வரவில்லை.

“ரெண்டாந் தெரு மளிகக்காரன் வரல, பாத்தியா?” என்றார்.

“எட்டப் பாத்திருக்க மாட்டான்.”

“அவன் அப்பன எட்டுல நாந்தான் போட்டேன்.”

பிறகு, “நல்ல கூட்டம்டா” என்றார். “எல்லாம் வந்துட்டானுங்க.” அதில் சந்தோஷம் இருந்தது மாதிரிதான் இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் மாலைகள் பக்கம் திரும்பவில்லை. கையை நீட்டினார். பிடித்து எழுப்பினேன். வழக்கத்தைவிடக் கனமாக இருந்தார்.

மாலைகளை அக்கா தொட மறுத்துவிட்டாள். சாக்கில் அள்ளிப் பைக்கில் வைத்துக் கொண்டுபோய், மைன்ஸ் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் கொட்டினேன். போகாமல் கரையோரம் சுற்றிச் சுற்றி வந்தன. கம்பால் தள்ளிவிட்டேன்.

மறுநாள் எட்டில் ஒரு பெண் குக்கர் விற்றாள்.

நான் ஐநூற்றுப் பதினாலைப் பற்றித் தெருத் தெருவாகச் சொன்னேன். ஷட்டரில் எழுதினேன். சிவப்பு எட்டின் மேல் வெள்ளை அடித்துப் புது நம்பரை எழுதும்போது பெயிண்டருக்கு இடம் போதவில்லை. பதினாலு கொஞ்சம் நெருக்கிக்கொண்டு நின்றது. “மூணு தடவ அமுக்கணுமா?” என்று வயசானவர்கள் கேட்டார்கள். முதல் எண்ணை அமுக்கிவிட்டு இரண்டாவதைத் தேடுவதற்குள் பாக்ஸ் ஐந்தாம் நம்பருக்குப் போய்விடும். அங்கே சினிமா ஓடும். அதையே பார்த்தார்கள். சின்னவர்கள் போனில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். போட்டோ கொண்டுவருகிறவர்கள் குறைந்தார்கள். யார் செத்தது என்பது சில பேருக்குக் கருமாதி முடிந்து தெரிந்தது.

மாமா டிவி பார்ப்பதை விட்டுவிட்டார். “இன்னைக்கு யாரு?” என்று கேட்பதையும் விட்டுவிட்டார். கடலூருக்குப் போய் வந்தோம். தெருவில் பார்க்கிறவர்கள் அவரிடம் ஒரு மாதிரி பேசினார்கள். நன்றாகச் சிரித்துப் பேசுவார்கள். ஆனால் கிட்டே வரமாட்டார்கள். அழுது முடித்த ஆளிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகை வருவது நின்றது. மறந்திருக்கலாம். அக்கா அப்படிச் சொல்லவில்லை.

“ஒரு தரம் மால போட வந்தவங்க, மனசுல போட்டுட்டாங்கடா தம்பி. அத யாரு கழட்டுறது?”

மழைக்காலம் முடிகிற நேரத்தில் மாமா போனார். பகலில், கடலூர் ஆஸ்பத்திரியில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே கூப்பிட்டார்கள். அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான்.

வண்டி வைத்து எடுத்து வந்தேன். வரும் வழியிலேயே ஆபீஸுக்குப் போன் செய்து சேனலை நிறுத்தச் சொன்னேன். ஐநூற்றுப் பதினாலு இருட்டானது. யாரும் கூப்பிடவில்லை. ஒரு போன்கூட இல்லை. எட்டில் புடவை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

போட்டோ வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பொழுது சாய்ந்ததும் அக்காவைக் கேட்டுவிட்டுப் போட்டோவைப் போடச் சொன்னேன். போனிலும் அனுப்பினேன். பத்துப் பதினைந்து பேருக்கு அனுப்பியிருப்பேன். ஒருவர் திருப்பிக் கேட்டிருந்தார். “இது பழசுதானே தம்பி?”

மறுநாள் எடுத்தோம். சொந்தக்காரர்கள் வந்தார்கள். அத்தை வந்தாள், இந்தத் தடவை பாடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். மேளம் வந்தது. டீக்கடைக்காரர் மாலை போட்டார். வாசலில் நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. வாடகை நாற்காலி. அன்றைய கூட்டத்தை நினைத்து நிறையச் சொல்லிவிட்டேன்.

சுடுகாட்டுக்குப் போகிற வழியில் டவுன்ஷிப் கேட் தாண்ட வேண்டும். இரண்டாவது ஷிப்டுக்குப் போகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டி நின்றார்கள். எந்தச் சாவுக்கும் அப்படி நிற்பார்கள். ஒருவர் என்னைப் பார்த்தார். எங்கள் லைனில் இருந்தவர்தான். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“யாருங்க?”

“கேபிள்காரருங்க.”

“எந்தக் கேபிள்காரரு? எட்டுக்காரரா? அவருக்குத்தான் நான் அன்னைக்கே மாலயோட வந்தேனே.”

“அது அன்னைக்குங்க. நேத்துதான் போனாரு.”

கையைப் பார்த்துக்கொண்டார். கையில் டிபன் பை மட்டும் இருந்தது. அதை வண்டியில் மாட்டிவிட்டு எங்கள் பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. வாய்க்கால் பாலம் வரை வந்தார். அங்கே ஷிப்ட் சைரன் கேட்டது. நின்றார். கும்பிட்டுவிட்டு ஷிப்டுக்குத் திரும்பி ஓடினார்.